அந்தப் பயம் யாருடையது?

கேள்வி இதுதான்: பயத்தை மையமாக வைத்து வந்த ஆல்பங்களும் பாடல்களும் எவை? கேட்பவரை மிரட்டத்தான் இப்படிப் பாட்டு போடுகிறார்களா, இல்லை அதற்குள் வேறு ஏதாவது இருக்கிறதா?

பயம் என்றதும் நம் காதில் முதலில் ஒலிப்பது பயப்படாதே என்று சொல்லும் பாட்டுகள்தான். பாரதியின் ‘அச்சமில்லை அச்சமில்லை’ ஒன்று. 1960-இல் வந்த ‘மன்னாதி மன்னன்’ படத்துக்காகக் கண்ணதாசன் எழுதி, டி.எம்.சௌந்தரராஜன் பாடிய ‘அச்சம் என்பது மடமையடா’ இன்னொன்று. இரண்டும் எனக்கு உயிர். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது அதன் மறுபக்கத்தை. ‘ஆமாம், எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று வாய்விட்டுச் சொல்லும் பாட்டுகள். மேற்கத்திய ராக், பாப், ராப் இசையில் அவை ஏராளம். தலைப்பிலேயே பயத்தை வைத்திருக்கும் ஆல்பங்களை மட்டும் எடுத்தாலும் ஒரு ராத்திரி முழுக்கக் கேட்கலாம்.

இவற்றைக் கேட்பதற்கு எனக்குக் கைகொடுத்த அளவுகோல் தொல்காப்பியத்தில் கிடைத்தது. அச்சம் எங்கிருந்து பிறக்கிறது என்று, உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் அதன் மெய்ப்பாட்டியல் பகுதி இப்படிச் சொல்கிறது: ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.’ அணங்கு என்றால் பேய், தெய்வம் போல மனித சக்திக்கு மிஞ்சியது. விலங்கும் கள்வரும் விளக்காமலே புரியும். நான்காவது இறை, அதாவது நம்மை ஆள்பவர். பேய், புலி, திருடன் வரிசையில் அதிகாரத்தையும் உட்கார வைத்த அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு தீரவில்லை. ஒரு பயப் பாட்டு காதில் விழுந்தால் மூன்று கேள்விகளை எழுப்பிக்கொள்வேன். பாட்டு எந்தப் பயத்தின் பெயரைச் சொல்கிறது? உள்ளே இருப்பது எந்தப் பயம்? அது யாருடையது? பல நேரம் பெயர் ஒன்றாகவும் ஆள் வேறாகவும் இருக்கும்.

இதற்கு ராபர்ட் ஜான்சனை விடப் பெரிய சாட்சி இல்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி பகுதியைச் சேர்ந்த கறுப்பின ப்ளூஸ் பாடகர். 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டாலஸிலும் மொத்தம் 29 பாட்டுகளைப் பதிவு செய்தார். 1938 ஆகஸ்டில் 27 வயதில் இறந்துபோனார். நாற்சந்தியில் நள்ளிரவில் சாத்தானுக்கு ஆன்மாவை விற்று கிதார் வித்தையைப் பெற்றார் என்ற கதைதான் இன்றுவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் ‘கிராஸ் ரோட் ப்ளூஸ்’ பாட்டைப் போட்டுக் கேளுங்கள். அதில் சாத்தானே கிடையாது. ஒருவன் நாற்சந்தியில் மண்டியிட்டு, கருணை காட்டும்படி கடவுளிடம் கெஞ்சுகிறான். போகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தப் பார்க்கிறான். யாரும் நிற்கவில்லை. பொழுது சாய்கிறது. அவ்வளவுதான் பாட்டு.

பொழுது சாய்ந்தால் என்ன? அன்றைய அமெரிக்காவில் பல ஊர்களில் சூரியன் மறைந்த பிறகு கறுப்பர்கள் தென்படக்கூடாது. தென்பட்டால் அடி விழலாம், சிறைக்குப் போகலாம், மரத்தில் தொங்கலாம். இது தெரிந்த பிறகு அந்தப் பாட்டு வேறு பாட்டாகிவிடுகிறது. இருட்டுகிற நேரத்தில் அறியாத ஊர்ச் சாலையில் மாட்டிக்கொண்ட ஒரு மனிதனின் குரல் அது. அவனுடைய பயத்தை உலகம் அணங்கின் கணக்கில் எழுதி வைத்துவிட்டது. அது இறையின் கணக்கில் சேர வேண்டியது.

டாலஸில் பதிவான ‘ஹெல்ஹவுண்ட் ஆன் மை டிரெயில்’ இன்னும் நெருக்கமானது. நரகத்து நாய் ஒன்று என் தடம் பிடித்து வருகிறது, நான் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்று பாடுகிறார். துயரம் ஆலங்கட்டி மழையாய் விழுகிறது. காற்றில் மரத்து இலைகள் நடுங்குகின்றன. இரண்டரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான பாட்டு. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது குரலை. உச்சஸ்தாயியில் தொண்டையை இறுக்கிப் பாடுகிறார், திரும்பிப் பார்த்துக்கொண்டே பேசுகிறவன் மாதிரி. கிதார் ஓரிடத்திலும் நிம்மதியாக அமர்வதில்லை. தப்பியோடிய அடிமைகளை வேட்டைநாய்களை ஏவித் தடம் பிடித்த நிலம் அது. அடிமைமுறை ஒழிந்த பிறகு கைதிகளையும் அப்படித்தான் பிடித்தார்கள். நாய் துரத்துகிறது என்று அங்கே ஒரு கறுப்பர் பாடினால் அதை வெறும் கற்பனை என்று எப்படிச் சொல்வது? அணங்கு, விலங்கு, இறை மூன்றும் அந்த ஒரு நாயில் இருக்கின்றன.

அடுத்து 1970. அந்த ஒரே வருடத்தில் மணியோசையோடு தொடங்கும் இரண்டு ஆல்பங்கள் வந்தன. முதலாவது பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியான ‘பிளாக் சபாத்’. குழு, ஆல்பம், அதன் முதல் பாட்டு மூன்றுக்கும் அதே பெயர்தான். மழை, இடி, தூரத்தில் ஒரு மணி. பிறகு டோனி அயோமியின் கிதாரில் மூன்றே மூன்று சுரங்கள். கீழ் ஸட்ஜமம், மேல் ஸட்ஜமம், அங்கிருந்து இறங்கி பிரதி மத்யமம். இந்த இடைவெளிக்கு மேற்கில் ‘இசையில் சாத்தான்’ என்று பட்டப்பெயர் உண்டு. இடைக்காலத்தில் திருச்சபையே இதைத் தடை செய்தது என்று பலர் எழுதுகிறார்கள். ஆதாரம் இல்லாத கதை. நம் காதுக்கு அது இன்னும் பொருந்தாது. கர்நாடக இசையின் தாய் ராகங்களான 72 மேளகர்த்தாக்களில் 36 பிரதி மத்யமத்தில்தான் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான கல்யாணி ராகத்தைக் கேட்டு யாராவது நடுங்கினார்களா? ஆகவே பயம் சுரத்தில் குடியிருப்பதில்லை. அது எவ்வளவு மெதுவாக வருகிறது, அடுத்த சுரத்துக்கு எவ்வளவு நேரம் காக்க வைக்கிறது, கிதாரின் ஒலி எப்படிக் கரகரக்கிறது, அந்த மழையும் மணியும் நம்மை எந்த இடத்தில் கொண்டு நிறுத்தியிருக்கின்றன என்பதெல்லாம் சேர்ந்துதான் முதுகு சில்லிடுகிறது.

அந்தப் பாட்டைச் சாத்தான் வழிபாடு என்று திட்டியவர்கள் வரிகளைக் கேட்கவே இல்லை. குழுவின் பேஸ் கிதார் கலைஞர் கீஸர் பட்லர், ஓர் இரவு விழித்தபோது கட்டில் கால்மாட்டில் கரிய உருவம் ஒன்று நின்றதாகச் சொன்னார். அதிலிருந்து பிறந்த பாட்டு. பாடுகிறவன் யாரையும் கும்பிடவில்லை. என் எதிரில் நிற்பது என்ன என்று கேட்கிறான், ஓடுகிறான், கடவுளே காப்பாற்று என்று கத்துகிறான். பயமுறுத்துகிறவனாக எல்லாரும் நினைத்த பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் அந்தப் பாட்டில் பயந்தவன். ஹெவி மெட்டல் என்ற பெரிய மரபே இங்கிருந்து கிளம்பியது என்பார்கள். அதன் முதல் வார்த்தைகள் பயந்த ஒருவனின் கேள்வி என்பதை அந்த மரபின் ரசிகர்களே அவ்வளவாகப் பேசுவதில்லை.

இரண்டாவது மணி அதே வருடம் டிசம்பரில் ஒலித்தது, பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் வெளியிட்ட முதல் தனி ஆல்பத்தில். அங்கே பேய் எதுவும் வரவில்லை. அம்மாவைக் கூப்பிடும் ஒரு பிள்ளை வருகிறது. லெனனின் சிறு வயதிலேயே அப்பா விலகிப்போனார். 17 வயதில் அம்மாவைச் சாலை விபத்தில் பறிகொடுத்தார். ஆர்தர் ஜானோவ் என்ற உளவியலாளர், குழந்தைப் பருவ வலியை அலறி வெளியேற்றச் சொல்லும் சிகிச்சை ஒன்றை நடத்தினார். லெனன் அந்த வருடம்தான் அதற்குப் போயிருந்தார். ‘மதர்’ பாட்டின் கடைசியில், போகாதே அம்மா, வீட்டுக்கு வா அப்பா என்று திரும்பத் திரும்பக் கேட்பது பாட்டாக இருந்து அலறலாக மாறுகிறது. இதே ஜானோவின் எழுத்திலிருந்துதான் டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் குழுவும் பெயர் எடுத்தது: பயத்துக்குப் பதிலாகக் கண்ணீர். 1983-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் ‘தி ஹர்ட்டிங்’ முழுக்கச் சிறுபிள்ளைகளின் பயம்தான். தொல்காப்பியர் சொன்ன நான்கில் இது எதில் அடங்கும் என்று யோசித்திருக்கிறேன். எதிலும் சரியாக அடங்கவில்லை.

சாவு பயத்துக்கு வருவோம். பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ 1973-இல் வந்தது. மனிதனைப் பைத்தியம் பிடிக்க வைக்கும் விஷயங்களை வரிசையாக எடுத்துக்கொண்ட ஆல்பம்: ஓடும் காலம், பணம், சண்டை, புத்தி பேதலிப்பு, சாவு. ஆரம்பத்தில் வரும் இதயத் துடிப்பு, குழுவில் டிரம்ஸ் வாசித்த நிக் மேசனின் பேஸ் டிரம்மிலிருந்து உருவாக்கியது. ‘ஆன் தி ரன்’ என்ற பகுதி விமானப் பயணத்தின் பயம். சிந்தசைசரில் எட்டுச் சுரங்களை மெதுவாக வாசித்து, அதை வேகமேற்றிச் சுழல விட்டிருக்கிறார்கள். அதன்மேல் ஓடும் காலடிகள், விமான நிலைய அறிவிப்பு, மூச்சிரைப்பு, கடைசியில் வெடிச்சத்தம். பாட்டாக ஒரு வரி கிடையாது. ஆனால் கேட்டால் உள்ளங்கை வியர்க்கும்.

குழுவின் பேஸ் கிதார் கலைஞர் ரோஜர் வாட்டர்ஸ் அப்போது செய்த காரியம்தான் இந்த ஆல்பத்தின் உயிர் என்பேன். அட்டைகளில் கேள்விகளை எழுதி, ஆபி ரோடு ஸ்டுடியோவில் இருந்தவர்களைக் கூப்பிட்டு ஒலிவாங்கி முன் பதில் சொல்லச் சொன்னார். ஒரு கேள்வி: சாவுக்குப் பயப்படுகிறீர்களா? பால் மெக்கார்ட்னியையும் கேட்டார்கள். அவர் பதில் ஆல்பத்தில் இடம்பெறவில்லை. இடம்பிடித்தது ஸ்டுடியோவின் வாயிற்காவலர் ஜெரி ஓ’டிரிஸ்கல் சொன்ன பதில். எனக்குச் சாகப் பயமில்லை, எப்போது வேண்டுமானாலும் வரட்டும், ஒருநாள் போய்த்தானே ஆக வேண்டும் என்று சாவகாசமாகப் பேசுகிறார். அந்தப் பேச்சை ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ பியானோவின்மேல் வைத்திருக்கிறார்கள். அவர் பேசி ஓய்ந்த சிறிது நேரத்தில் கிளேர் டோரி என்ற பாடகியின் குரல் எழுகிறது.

அவரிடம் பாட வார்த்தைகள் தரவில்லை. சாவைப் பற்றிய பகுதி என்று மட்டும் தெரியும். முதலில் வழக்கமான பாட்டுக்காரியைப் போலச் சில சொற்களைப் போட்டுப் பார்த்தார், வேண்டாம் என்றார்கள். குரலையே ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு பாடினார். முதலில் எதிர்ப்பு, கதறல், மன்றாட்டு. பிறகு மெல்லத் தணிந்து, மூச்சோடு மூச்சாகக் கரைந்துபோகும் ஒரு முனகல். பாடி முடித்ததும் அளவுக்கு மீறிவிட்டோமோ என்று அவருக்கே கூச்சம். கொடுத்த கூலி 30 பவுண்டு. இசையமைப்பில் தனக்கும் பங்கு உண்டென்று 2004-இல் வழக்குப் போட்டார். மறுவருடம் சமரசம் ஆனது. அதற்குப் பிறகு வரும் பதிப்புகளில் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டின் பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது. அது நியாயம்தான். சொல்லில் ‘பயமில்லை’ என்கிறார் காவலர். சொல்லே இல்லாமல் பயத்தின் முழு வாழ்க்கையையும் காட்டுகிறார் கிளேர். அந்த நாலரை நிமிடத்தை ஹெட்ஃபோனில் விளக்கணைத்துக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அணுகுண்டுப் பயத்தில் வந்த பாட்டுகள் ஒரு தனிக் காடு. அதை வேகமாகக் கடந்துவிடுகிறேன். பாப் டிலனின் ‘எ ஹார்ட் ரெயின்ஸ் எ-கோனா ஃபால்’ கியூபா ஏவுகணை நெருக்கடியில் எழுதப்பட்டதென்று பரவலாக நம்புகிறார்கள். அமெரிக்க அதிபர் கென்னடி அந்த நெருக்கடியை அறிவித்தது 1962 அக்டோபர் 22-இல். டிலன் அதற்கு ஒரு மாதம் முன்பே அதை மேடையில் பாடிவிட்டார். அது அணுமழை இல்லை, வெறும் கடும் மழை என்றும் பின்னர் சொன்னார். மக்கள் தங்கள் பயத்தை அந்தப் பாட்டில் ஊற்றி வைத்துக்கொண்டார்கள். 1983-இல் ஜெர்மன் குழுவான நேனாவின் ‘99 லுஃப்ட்பலோன்ஸ்’, பலூன்களை எதிரியென்று நினைத்து மூளும் போரைத் துள்ளலான மெட்டில் சொன்னது. 1984-இல் ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட்டின் ‘டூ டிரைப்ஸ்’ பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. அணுத்தாக்குதல் நடந்தால் என்ன செய்வதென்று மக்களுக்குச் சொல்ல அரசு தயாரித்து வைத்திருந்த படங்களில் பேசியவர் பேட்ரிக் ஆலன். அதே ஆலனை அழைத்து அதே தொனியில் பாட்டுக்குள் பேச வைத்தார்கள். இறையின் குரல் நடனத் தளத்திலேயே ஒலித்தது.

பயம் யாருடையது என்ற கேள்வியை முகத்துக்கு நேராக எறிந்த ஆல்பம், பப்ளிக் எனிமி என்ற கறுப்பின ராப் குழுவின் ‘ஃபியர் ஆஃப் எ பிளாக் பிளானட்’ (1990). கறுப்பர்களின் பூமி என்றால் பயம். யாருக்கு? பாடும் சக் டி-க்கோ ஃப்ளேவர் ஃப்ளேவுக்கோ இல்லை. கறுப்பர்கள் பெருகிவிடுவார்கள், கலப்பு மணங்களில் தங்கள் இனம் கரைந்துவிடும் என்று அஞ்சும் வெள்ளையர்களுக்கு. வெள்ளை ஆதிக்கமே அந்த அச்சத்திலிருந்து பிறந்தது என்று ஃப்ரான்சிஸ் கிரெஸ் வெல்சிங் என்ற கறுப்பின மனநல மருத்துவர் எழுதியிருந்தார். அந்த வாதம்தான் தலைப்பின் வேர். பாம் ஸ்குவாட் தயாரிப்புக் குழு பழைய பாட்டுகளின் துணுக்குகளையும் கூச்சல்களையும் அடுக்கடுக்காகக் கோத்து, மூச்சுவிட இடமில்லாத ஒலிச்சுவரைக் கட்டினார்கள். அடுத்தவன் உன்னைக் கண்டு பயந்தால் அந்தப் பயத்தின் விலையை நீதான் கட்ட வேண்டியிருக்கும் என்பதை ‘911 இஸ் எ ஜோக்’ காட்டுகிறது: அவசர உதவிக்குக் கூப்பிட்டால் கறுப்பர் வாழும் தெருவுக்கு ஆம்புலன்ஸ் வராது. ராபர்ட் ஜான்சனின் நாற்சந்தியிலும் வண்டி நிற்கவில்லை. இடையில் 54 வருடம்.

இந்தத் தலைப்பில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி, 2007-இல் பார்குபைன் ட்ரீ ‘ஃபியர் ஆஃப் எ பிளாங்க் பிளானட்’ என்ற ஆல்பத்தைத் தந்தது. திரைக்கும் மாத்திரைக்கும் நடுவில் எதையுமே உணர முடியாமல் போன ஒரு பதின்வயதுப் பையனின் வெறுமை. நல்ல ஆல்பம். தலைப்பின் தோற்றம் தெரிந்தால் இன்னும் கனமாக இருக்கும்.

டாக்கிங் ஹெட்ஸின் ‘ஃபியர் ஆஃப் மியூசிக்’ (1979) விநோதமான பயங்களின் கிடங்கு. பிரையன் ஈனோ உடனிருந்து தயாரித்தது. பாட்டுகளுக்குப் பெரும்பாலும் ஒற்றைச் சொல் தலைப்பு: மனம், காகிதம், நகரங்கள், காற்று, விலங்குகள். பயப்பட வேண்டியதே இல்லாத பொருளாகப் பார்த்துப் பார்த்துக் குழுவின் பாடகர் டேவிட் பிர்ன் பயப்படுகிறார். காற்றுகூட உன்னைக் காயப்படுத்தும் என்கிறார். விலங்குகள் நம்மைப் பார்த்துச் சிரிக்கின்றன என்று குமுறுகிறார். இதைப் பலர் கிறுக்குத்தனமாக எடுத்துக்கொண்டு கடந்துபோவார்கள். பதற்ற நோயோடு வாழ்ந்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். காரணம் இருக்கிற பயத்தைச் சமாளித்துவிடலாம். காரணமே இல்லாமல் எதன்மேல் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்துகொள்ளும் பயத்துக்கு என்ன செய்வது? அந்த நிலையை இவ்வளவு துல்லியமாகப் பிடித்த ஆல்பம் எனக்குத் தெரிந்து வேறில்லை. தாளம் ஆடச் சொல்கிறது, குரல் கதவைத் தாழ்போடச் சொல்கிறது.

பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ் 1985-இல் தந்த ‘ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்’ பாட்டிலும் நாய்கள் துரத்துகின்றன. 1957-இல் வந்த ஒரு பேய்ப்படத்திலிருந்து எடுத்த குரலோடு தொடக்கம்: மரங்களுக்குள் இருக்கிறது, வருகிறது! உடனே டிரம்ஸ் இடிக்கிறது, செல்லோ வெட்டி வெட்டி வாசிக்கிறது. துரத்துவது எது? காதல். ஒருவர் தன்னை நேசிக்க வருகிறார் என்பதற்காக ஓடுகிறாள் ஒரு பெண். அகப்பட்டால் கிழித்துப்போடும் என்று நினைக்கிறாள். சிறுவயது முதலே கோழையாக இருந்துவிட்டேன் என்று ஒத்துக்கொள்கிறாள். ஜான்சனின் நாய்க்குப் பின்னால் கயிறும் மரமும் இருந்தன. இவளுடைய நாய்கள் இவளுக்குள்ளேயே வளர்ந்தவை. இரண்டு பயமும் உண்மை, ஒன்றை வைத்து இன்னொன்றை மட்டம் தட்ட வேண்டியதில்லை. அதே ஆல்பத்தின் மறுபக்கம் ஏழு பாட்டுகளில் ஒரே கதை: இரவில் கடலில் தனியாக மிதந்துகொண்டு மீட்பு வருமா என்று காத்திருக்கும் ஒருத்தி. தூங்கினால் சாவு. கனவில் அவளைச் சூனியக்காரி என்று விசாரிக்கிறார்கள். அதில் கேட்கும் ஹெலிகாப்டர் ஒலி, பிங்க் ஃப்ளாய்டின் ‘தி வால்’ ஆல்பத்திலிருந்து கேட்டு வாங்கியது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். கனடாவின் ரஷ் குழுவில் டிரம்ஸ் வாசித்தவரும் வரிகள் எழுதியவருமான நீல் பியர்ட், பயம் என்ற ஒரே தலைப்பின் கீழ் தொடர் பாடல்கள் எழுதினார். வாழ்க்கையை ஆள்வது அன்போ அறிவோ பணமோ அல்ல, பயம்தான் என்று ஒரு பெரியவர் சொன்னதிலிருந்து கிடைத்த யோசனை. விசேஷம் என்னவென்றால், அவை வெளிவந்தது தலைகீழ் வரிசையில். மூன்றாம் பாகமான ‘விட்ச் ஹன்ட்’ முதலில், 1981-இல் வந்தது. பயம் கும்பலாகும்போது என்ன நடக்கும் என்பது அதன் பொருள். ஆரம்பத்தில் முணுமுணுத்துப் பெருகும் கூட்டத்தின் சத்தத்தை, குழுவினரே ஸ்டுடியோவுக்கு வெளியே கடுங்குளிரில் நின்று கத்திப் பதிவு செய்தார்கள். இரண்டாம் பாகம் ‘தி வெப்பன்’ 1982-இல்: பிறர் நம் பயத்தை நமக்கு எதிராக ஆயுதமாக்குவது. முதல் பாகமான ‘தி எனிமி விதின்’ கடைசியாக 1984-இல் வந்தது: பயம் நமக்குள்ளே எப்படி வேலை செய்கிறது என்பது.

இந்த வரிசையில் ஓர் உண்மை இருக்கிறது. ஊரைக் கொளுத்தக் கிளம்பும் கும்பலைப் பற்றி எழுதுவது சுலபம். நாம் வெளியே நின்று பார்க்கிறோம். அதிகாரத்தைப் பற்றி எழுதுவது கொஞ்சம் கஷ்டம். தன் தோலுக்குள் இருக்கும் நடுக்கத்தை எழுத அவருக்கு மூன்று வருடம் பிடித்தது. தொல்காப்பிய வரியில் இல்லாத ஐந்தாவது ஊற்று இதுதான்: நான்.

அத்தோடு கதை முடியவில்லை. 1997-இல் பியர்டுக்கு அப்போது இருந்த ஒரே மகள் சாலை விபத்தில் இறந்தார். பத்து மாதத்தில் மனைவி புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். பியர்ட் இசையை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வட அமெரிக்கா முழுக்க அலைந்தார். மீண்டு வந்து 2002-இல் குழு வெளியிட்ட ‘வேப்பர் டிரெயில்ஸ்’ ஆல்பத்தில் ‘ஃப்ரீஸ்’ என்ற பாட்டு இருக்கிறது. அதன் அடியில் குறிப்பு: பயம், நான்காம் பாகம். எதிர்ப்பதா ஓடுவதா என்று உடம்பு தடுமாறி, இரண்டும் முடியாமல் உறைந்து நிற்கும் நொடி. தாளக்கட்டு நேராகப் போகாமல் இடறி இடறிப் போகிறது. முதல் மூன்றையும் ஒரு சிந்தனையாளர் எழுதினார். நான்காவதை எழுதியவருக்கு அதற்குள் எல்லாமே நடந்து முடிந்திருந்தது.

ஜாய் டிவிஷனின் ‘ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்’ (1979) இதே ஜாதி. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பணிபுரிந்த குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸ், அங்கே வந்து போன வலிப்பு நோயுள்ள ஒரு பெண் இறந்துவிட்டதை அறிந்து எழுதியது. பிறகு அதே நோய் தனக்கும் இருப்பது உறுதியானது. அவள் கட்டுப்பாட்டை இழந்துவிட்டாள் என்று மேடையில் அவர் பாடும்போதெல்லாம் அந்த ‘அவள்’ யார்?

ராப் பாடகர் கெண்ட்ரிக் லமாரின் ‘ஃபியர்’ பாட்டை நிதானமாகக் கேட்க வேண்டும். 2017 ஏப்ரலில் வந்த ‘டாம்’ ஆல்பத்தில் இருக்கிறது. ஏறக்குறைய ஏழே முக்கால் நிமிடம். அந்த ஆல்பம்தான் மறுவருடம் புலிட்சர் இசைப் பரிசு பெற்றது. செவ்வியல், ஜாஸ் இரண்டுக்கும் வெளியிலிருந்து அதைப் பெற்ற முதல் படைப்பு. பாட்டில் மூன்று வயதுகள்: 7, 17, 27. ஏழு வயதில் அம்மாவின் அடிக்குப் பயம். அந்தப் பகுதி முழுக்க அம்மாவின் வாய்மொழியிலேயே இருக்கிறது. அதைச் செய்தாயோ தோலை உரித்துவிடுவேன், இதை உடைத்தாயோ உரித்துவிடுவேன் என்று மிரட்டல் பல்லவியாகத் திரும்பி வருகிறது. அந்த அம்மா கொடுமைக்காரி இல்லை. வெளியே தெருவில் பிள்ளையைத் தின்னக் காத்திருப்பதை எண்ணி அவளுக்கே உயிர் நடுங்குகிறது. தன் பயத்தைப் பெல்ட்டாக்கிப் பிள்ளைக்குக் கொடுக்கிறாள். பதினேழில் பல்லவி மாறுகிறது: அநேகமாக நான் செத்துப்போவேன். எப்படியெல்லாம் என்று பட்டியல். போலீஸ் சுட்டு, ஆள் மாறாட்டத்தில், தெருச் சண்டையில், ஒரு விருந்திலிருந்து வீடு திரும்பும்போது. குரலில் ஏற்ற இறக்கமே கிடையாது. காய்கறிக் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி ஒரு பையன் தன் சாவுகளை எண்ணுகிறான்.

இருபத்தேழில் பணமும் புகழும் வந்துவிட்டன. பயம் போனதா? கிடைத்ததெல்லாம் பறிபோய்விடுமோ என்று புது உருவம் எடுத்து உட்கார்ந்திருக்கிறது. அடுத்து இந்தப் பயங்களையெல்லாம் ஒரே மூச்சில் தொகுத்துச் சொல்கிறார்: படைக்கும் திறனை இழப்பேனோ, விசுவாசத்தை இழப்பேனோ, கடவுள் என்னைச் சோதிக்கிறாரோ. பாட்டின் முன்னும் பின்னும் ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர் தொலைபேசியில் விட்டுச்சென்ற செய்தி வருகிறது. வேதாகமத்தின் உபாகமத்தை எடுத்துக்காட்டி, இந்தத் துன்பமெல்லாம் எதனால் என்று விளக்குகிறார். கள்வர், இறை, அணங்கு எல்லாம் ஒரு மனிதனின் மூன்று வயதுகளுக்குள் வரிசையாக வந்து போகின்றன. இருபது வருட இடைவெளியில் பயத்தின் பெயர் மாறுகிறது, அது தங்கியிருக்கும் உடம்பு மாறவில்லை.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். மிரட்டவே செய்த பாட்டுகளும் உண்டு. அவை வேடிக்கையாக இருக்கும், அதில் தப்பில்லை. ஆனால் இங்கே நான் எடுத்துச் சொன்ன பாட்டுகளில் எல்லாம் பயந்தவர்தான் பாடுகிறார், இல்லையென்றால் பயத்துக்கு ஆளானவர். அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் 2019-இல், 17 வயதில் வெளியிட்ட ‘பெரி எ ஃப்ரெண்ட்’ இதில் ஒரு படி மேலே போகிறது. கட்டிலுக்கு அடியில் இருக்கும் பூதத்தின் இடத்திலிருந்து பாட்டு பேசுகிறது. அண்ணன் ஃபினியஸுடைய சிறிய படுக்கையறையில்தான் அந்த ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். பல் மருத்துவரிடம் பில்லியின் பல்லில் ஓடிய கருவியின் ஒலியைக்கூடப் பாட்டில் சேர்த்தார்கள். தூக்கத்தில் வரும் பயங்கரங்களால் அவதிப்பட்ட ஒரு பெண், பூதமாகித் தன்னிடமே கேட்கிறாள்: நீ ஏன் என்னைக் கண்டு ஓடவில்லை?

கடைசியாக, ஐயன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் குழுவின் ‘ஃபியர் ஆஃப் தி டார்க்’. 1992-இல் வந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, குழுவின் பேஸ் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ் எழுதியது. இருட்டில் தனியாக நடந்துபோகும் ஒருவனுக்குப் பின்னால் யாரோ வருவதுபோல் தோன்றுகிறது. அவ்வளவு சின்ன, குழந்தைத்தனமான பயம். வளர்ந்த யாரும் வெளியே சொல்லக் கூசும் பயம். ஸ்டுடியோ பதிவை முதலில் கேட்காதீர்கள், 1993-இல் தனியாக வெளியிட்ட மேடைப் பதிவைக் கேளுங்கள். மெல்லிய கிதார் மெட்டு தொடங்கியதும், பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே, கூட்டம் வார்த்தை இல்லாமல் அந்த மெட்டை ஓ ஓ என்று பாட ஆரம்பித்துவிடும். பிறகு, எனக்கு இருட்டென்றால் பயம் என்று ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே குரலில் கத்துவார்கள். அதைக் கேட்டுப் பழகிவிட்டு ஸ்டுடியோ பதிவுக்குத் திரும்பிப் போனால், அந்த மெட்டு வரும் இடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். கிதார் மட்டும் தனியாக நடந்துபோகும்.